காப்புக் கையும் மெர்சோ பாட்டில்களும்

1

நாளைக் காலை எனக்குக் காப்புக் கட்டு. ஆற்றுப் பாலம் தாண்டி, தன்லியின் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மன் கோயிலில், மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள். பூக்குழி இறங்கி அதை அவிழ்க்கும்வரை கவிச்சி கிடையாது, பாயில்தான் படுக்கை, மது வாயில் படக் கூடாது. காரைக்காலில் இருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தரத் தேவையில்லை. சொல்ல வேண்டியது என் பிழைப்பைப் பற்றித்தான். ஊரில் யார் விசாரித்தாலும் என் அண்ணன் "தம்பி ஓட்டல் லைன்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கோ மீன் விலைக்கோ மாற்றிவிடுவார். பாவம், அவர் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யாங்கோனில் ஒரு பெரிய விடுதியில் ஒயின் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. பாட்டில்களைத் தருவிப்பது, குளிர் அறையில் படுக்கப் போட்டுக் காப்பது, மேசைக்குப் போகுமுன் திறந்து ஒரு வாய் வைத்துப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவேன். இத்தனை வருடத்தில் நான் விழுங்கியதை விடத் துப்பியது பல மடங்கு. இதை என் அம்மாவிடம் ஒருமுறை விளக்கினேன். துப்புவதற்கா இவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டார்.

கல்யாணம் ஆனதிலிருந்து வருடாவருடம் பூக்குழி இறங்குகிறேன். காப்புக் கட்டும் நாள் தெரிந்தவுடன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன். காப்பு கையில் இருக்கும்வரை விடுதிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். ஆகவே சாமியும் தொழிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் நிம்மதியாக இருந்தன. போன பங்குனியில்தான் இரண்டும் நேருக்கு நேர் வந்து நின்றன. நாளை மறுபடி கயிறு கட்டப்போகும் நேரத்தில் அதுதான் நெஞ்சில் நிற்கிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று உட்கார்ந்தேன்.

2

முதலில் என் வீட்டாரைச் சொல்லிவிடுகிறேன். மனைவி செல்வி. அவளுடைய பாட்டனார் துறைமுக வேலைக்குக் கப்பல் ஏறி வந்தவர். யாங்கோனின் தாமுவே பகுதியில் பிறந்து வளர்ந்தவள், துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள், அங்கே பர்மிய மரியாதைச் சொல் சேர்த்து அவள் டோ செல்வி. நான் அவளைக் கட்டிக்கொண்டபோது அவள் கணவனை இழந்தவள், கையில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைதான் நிலார்.

என்னை முதன்முதலில் பார்த்தபோது அவள் செல்வியின் பின்னால் ஒளிந்துகொண்டு "ஊலே" என்றாள். பர்மிய மொழியில் மாமா, சித்தப்பா, தெருவில் போகிற பெரியவர் எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். அன்று வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. நானும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் பர்மியத்தில் வரும். இட்லியை விட இந்த ஊர் அரிசி நூடுல்ஸான மொகிங்கா பிடிக்கும். தோழிகளோடு புத்தர் கோயிலுக்குப் போய், தான் பிறந்த சனிக்கிழமைக்கு உரிய மூலையில் நாகத்தின் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். நான் பூக்குழி இறங்குவது அவளுக்கு வேடிக்கை. கால் வெந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். கேட்டுவிட்டு, களிம்பு வாங்கி வைத்திருப்பாள்.

பள்ளி முடித்துவிட்டு மேலே படிக்க வழி அடைபட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளை நான்தான் விடுதியில் பயிற்சிக்குச் சேர்த்தேன். அவளுக்கு மூக்கு அமைந்துவிட்டது. சில பேருக்குக் கை, சில பேருக்குக் குரல், இவளுக்கு மூக்கு.

இங்கே இப்போது பதினெட்டு தாண்டிய பிள்ளை இருக்கிற வீடுகளில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. படைக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த நாளிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் விளக்கை அணைத்துவிடுகிறோம். பெண்களை இன்னும் எடுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் பெண்களும் உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போக இந்த மாதம் விடுவார்கள், அடுத்த மாதம் நிறுத்துவார்கள், அதற்கடுத்த மாதம் வேறொரு காகிதம் கேட்பார்கள். இதில் எனக்கு நெஞ்சை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. நான் இந்த நாட்டுக்கு அந்நியன், வருடத்துக்கு வருடம் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு இருப்பவன். நினைத்தால் நாளைக்கே விமானம் ஏறிக் காரைக்காலுக்கு வந்துவிடலாம். அவள் இங்கேயே பிறந்தவள், இந்த மண்ணின் பிரஜை. பூட்டு அவளுக்குத்தான். என் மகள் என்று சொல்லி ஊருக்கு அழைத்து வந்துவிடலாமே என்று அண்ணன் கேட்டார். தூதரகத்தில் விசாரித்தேன். பெற்றவர் யார் என்று கேட்டார்கள்.

3

இனி மெர்சோ. பிரான்ஸில், பர்கண்டி என்ற பகுதியில் ஒரு கிராமம். நான் பார்த்ததில்லை. படத்தில் ஒரு கூரான தேவாலயக் கோபுரமும், வண்ண ஓடு வேய்ந்த ஊர் மன்றமும், கிழக்குப் பார்த்த சரிவில் திராட்சைத் தோட்டங்களும் தெரியும். சுண்ணாம்புக் கல் கலந்த மண். ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையை நட்டு அதிலிருந்து வெள்ளை ஒயின் செய்கிறார்கள். உலகத்தில் எங்கெங்கோ அதே திராட்சையை நடுகிறார்கள், அந்த ருசி வருவதில்லை. பக்கத்துக் கிராமமான புலின்யியின் ஒயின் எலுமிச்சை பிழிந்தது போல நேராக, நறுக்கென்று இருக்கும். மெர்சோ அப்படியில்லை. பீப்பாயில் வண்டலோடு கிடந்து, அவ்வப்போது கலக்கப்பட்டு வருவதால் நாக்கில் சற்றுத் தடிமனாக உட்காரும். வெண்ணெய், வறுத்த பருப்பு, அதற்கு அடியில் ஈரக் கல்.

எங்கள் பயிற்சிப் புத்தகம் அந்தப் பருப்பை ஏதோ ஐரோப்பியக் கொட்டையின் பெயரால் சொல்லும். நிலார் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. முதல்தடவை மெர்சோவை வாயில் வைத்துவிட்டு அவள் சொன்னது: வறுத்த எள், வெல்லப்பாகில் போடுமுன் இருக்கிற வேர்க்கடலை, பிறகு கல்லில் தண்ணீர் விட்டு அரைத்த தனக்கா. தனக்கா என்பது இங்கே பெண்கள் முகத்தில் பூசுகிற மரப்பட்டைச் சாந்து. அரைக்கும் கல்லிலிருந்து வரும் அந்தக் குளிர்ந்த வாசனையை நான் பதினைந்து வருடமாகத் தினமும் வீட்டில் முகர்ந்திருக்கிறேன். மெர்சோவோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. அவள் சொன்ன பிறகு வேறெதுவும் தோன்றவில்லை. விடுதிப் பிள்ளைகள் அந்த ஒயினுக்கு "மா சோ" என்று பெண் பெயரே வைத்துவிட்டார்கள். மா சோ இன்றைக்கு வருகிறாளா என்று கேட்பார்கள்.

அந்த ஊர் வெள்ளை ஒயினுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. இருபது வருடம் வாழ வேண்டிய பாட்டில் சில சமயம் ஏழெட்டு வருடத்திலேயே கிழடுதட்டிவிடும். தக்கையின் குற்றமா, பிழிகிற விதத்தின் குற்றமா என்று செய்கிறவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்த இரண்டில் ஒன்று உயிரோடு இருக்கும், ஒன்று செத்திருக்கும். திறந்து வாயில் வைக்காமல் தெரியாது. வெயிலில் வாடினால் வியாதி இன்னும் சீக்கிரம் பிடிக்கும். இங்கேயோ பங்குனியில் மின்சாரம் வருகிற நேரத்தை விடப் போகிற நேரம் அதிகம். விடுதியின் ஜெனரேட்டரில் முதலில் லிப்ட், பிறகு சமையலறை, பிறகு அறைகள். என் குளிர் அறை கடைசி. கோணிச்சாக்கை நனைத்துப் பாட்டில்கள் மேல் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கிராமத்துக்காரர்கள் பார்த்தால் என்மேல் வழக்குப் போடுவார்கள்.

நிலாருக்கு நான் கொடுத்த விதி ஒன்றே ஒன்று. சந்தேகம் இருந்தால் அந்தப் பாட்டில் மேசைக்குப் போகக் கூடாது.

4

பாங்காக்கில் இரண்டு உணவகம் நடத்தும் ஓர் அம்மையார் வியாபார விஷயமாக யாங்கோனுக்கு வரும்போதெல்லாம் எங்கள் விடுதியில்தான் மதிய விருந்து கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். மெர்சோ என்றால் உயிர். போன வருடம் அவர் வருமுன், தன் உணவகத்துக்கு ஒயின் தெரிந்த ஒரு பெண் தேவை என்று எங்கள் மேலாளர் ஊ டின்னிடம் சொல்லியிருந்தார். ஊ டின் நல்ல மனிதர், தன் மகனை முன்பே மலேசியாவுக்கு அனுப்பிவிட்டு வெறிச்சோடிய வீட்டில் இருப்பவர். நிலாரின் பெயரைச் சொன்னார். விருந்தில் அந்தப் பெண்ணே பரிமாறட்டும், பார்க்கிறேன் என்று அம்மையாரிடமிருந்து பதில் வந்தது. பெர்ரியேர் எடுத்து வையுங்கள் என்றும் சேர்த்திருந்தார். மெர்சோவிலேயே தலைசிறந்த தோட்டங்களில் ஒன்று அது, பழைய கல்குழிகள் இருந்த இடம். எங்களிடம் அதில் மிச்சம் இரண்டே பாட்டில். புதிதாகத் தருவிக்க இறக்குமதி அனுமதி எப்போதோ நின்றுபோயிருந்தது.

வேலைக் கடிதம் ஒன்று கிடைத்தால் நிலார் போகலாம். கதவு அடுத்த தடவை மூடுவதற்குள் போகலாம். செல்வியும் நானும் வேறெதையும் பேசவில்லை. அந்த வருடக் காப்பு அதற்காகத்தான் என்று இருவரும் முடிவு செய்தோம். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், சிரித்தால் எனக்குத் தாங்காது.

விருந்து, பூக்குழி முடிந்த பிறகுதான் என்று கணக்குப் போட்டிருந்தோம். காப்புக் கட்டி இரண்டாம் நாள் ஊ டின் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். அம்மையார் குறித்த நாளுக்கு முன்பே வந்துவிட்டார், நாளைக்கே விருந்து.

செல்வியிடம் போகட்டுமா என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணம் ஆனவர்களுக்கு அதன் பொருள் தெரியும். நான் பாட்டிலைத் தொட மாட்டேன், தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை குளிர் அறையில் நாங்கள் மூன்று பேர். நிலார், ஊ டின், சட்டைக் கையை இழுத்துக் கயிற்றை மறைத்துக்கொண்டு கதவோரம் நான். குளிர் அறை என்றுதான் பெயர். நள்ளிரவிலிருந்து மின்சாரம் இல்லை, சுவர் வியர்த்திருந்தது. நிலார் முதல் பெர்ரியேரைத் திறந்தாள். தக்கை முழுசாக வந்தது. கிளாஸில் ஊற்றியதும் நிறத்தைப் பார்த்தேன். பொன் நிறம் சற்றுக் கூடுதல். முகர்ந்தாள், வாயில் வைத்தாள், துப்பினாள்.

"வாழத்தண்டு, ஊலே. வெட்டி வெச்சு மறந்துட்ட வாழத்தண்டு" என்றாள். அபூர்வமாக அன்று தமிழில் பேசினாள், ஊ டின்னுக்குப் புரியக் கூடாதென்று நினைத்திருக்கலாம். எனக்குப் புரிந்தது. காற்றுப் பட்டுக் கறுத்த தண்டு. அந்தப் பாட்டில் செத்துவிட்டது.

இரண்டாவதைத் திறந்தாள். இந்தத் தடவை வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். துப்பிவிட்டு மறுபடி வைத்தாள். நெற்றியில் வியர்வை உருண்டது. இதுவும் அப்படித்தான் என்றாள். நிச்சயமா என்று கேட்டேன். கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னாள்.

அதோடு அவள் பக்கத்து அலமாரியிலிருந்து சாதாரண மெர்சோ ஒன்றை எடுத்து வைத்தாள். எந்தத் தோட்டத்தின் பெயரும் இல்லாமல் வெறும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டது, வயதில் சின்னது. இது உயிரோடு இருக்கிறது, இதைத்தான் ஊற்ற வேண்டும் என்றாள்.

ஊ டின்னுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மையார் பெயர் சொல்லிக் கேட்ட ஒயின். உயிரோடு இருக்கிற பெர்ரியேரைச் செத்தது என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் இந்தப் பெண்ணுக்கு ஒயின் தெரியவில்லை என்று ஆகும். செத்ததை ஊற்றினாலும் அதேதான். பத்தொன்பது வயதுப் பெண்ணின் சந்தேகத்தை நம்பி இதை முடிவு செய்ய முடியாது. "செயா, நீங்கள் ஒரு வாய் வையுங்கள்" என்றார். இங்கே ஆசிரியரையும் மூத்தவரையும் செயா என்பார்கள். நான் கயிற்றைக் காட்டினேன். அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். நீங்கள்தான் துப்பிவிடுவீர்களே, விழுங்காததை அம்மன் கணக்கில் எடுக்க மாட்டாள் என்றார். இரண்டாவது கிளாஸை என் முன்னால் நீட்டினார்.

வாசனை வந்தது. தேன். நல்ல வயதில் இருக்கிற பெர்ரியேரிலும் தேன் வரும், சாகிற பெர்ரியேரிலும் தேன் வரும். மூக்கால் பிரிக்க முடியாத இடம் அது. நாக்கில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். யாருக்காகக் கயிறு கட்டினேனோ அவளுக்காகவே அதை அறுக்கச் சொல்கிறார்கள். அம்மன் கோபித்துக்கொண்டால் யார் தலையில் விடியும்? ருசி பார்க்காமல் விட்டு அவள் போகிற வழி அடைபட்டால் நான் எந்த முகத்தோடு பூக்குழி இறங்குவேன்? நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் பிள்ளையை வைத்துச் சூதாட எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு பக்கமும் சூதாட்டமாக இருந்தது. கை தானாக நீண்டு கிளாஸை வாங்கிக்கொண்டது.

நிலார் வந்து என் கையிலிருந்து கிளாஸை எடுத்தாள். பிடுங்கவில்லை, எடுத்தாள். தொட்டியில் கவிழ்த்தாள்.

"நீங்க குடிச்சிட்டா எனக்காக யாரு நடப்பாங்க?"

உனக்காக என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஐயர் மைக்குல சொன்னாரு, ஊலே. நிலார், சனிக்கெழம, வெளிதேசப் பிரயாணம்னு. அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்தப்ப கேட்டேன். தெருவே கேட்டுச்சு."

5

விருந்துக்கு ஆறு பேர். ஜன்னலோர மேசை. நான் தூணை ஒட்டி நின்றேன். ஊ டின் சமையலறைக் கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நிலார் வெறுங்கையோடு மேசைக்குப் போனாள். குனிந்து வணங்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பெர்ரியேர் இரண்டையும் திறந்து பார்த்தேன், இரண்டும் வயது கடந்து கெட்டுவிட்டன, ஊர்ப் பெயர் மட்டும் போட்ட மெர்சோ நன்றாக இருக்கிறது, அதை ஊற்ற அனுமதி வேண்டும் என்றாள். யார் முடிவு செய்தது என்று அம்மையார் கேட்டார். நான்தான் என்றாள். அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் சட்டைக் கையை மேலே தள்ளிக் கயிற்றைக் காட்டினேன். அவர் ஊரிலும் அம்மன் கோயில் உண்டு, தாய்லாந்துக்காரர்கள் வரிசையில் நின்று கும்பிடுவார்கள். புரிந்துகொண்டு தலையை அசைத்தார்.

இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். முதல் கிளாஸை முகர்ந்தவுடன் நகர்த்தி வைத்துவிட்டார். இரண்டாவதை வாயில் வைத்தார். துப்பவில்லை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. குளிர்சாதனம் நின்று, தெருவின் இரைச்சல் உள்ளே வந்தது. ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. எனக்கு நிலாரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

இதை நான் குடித்திருப்பேன் என்றார் அம்மையார்.

நிலார் அசையவில்லை. எனக்கும் சந்தேகம் இருந்தது, சந்தேகம் இருந்தால் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது எனக்குச் சொல்லித்தந்த விதி என்றாள். அம்மையார் தன் கிளாஸில் அந்த இரண்டாவது பெர்ரியேரையே ஊற்றிக்கொண்டார். மற்றவர்களுக்குச் சாதாரண மெர்சோவை ஊற்றச் சொன்னார். சாப்பாடு முடியும்வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. போகும்போது நன்றி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பாட்டில் உயிரோடு இருந்ததா, செத்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடியில் மிஞ்சியதை ஊ டின் குடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் அவருக்கு எல்லாமே நன்றாக இருக்கும்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. செல்வி மூன்று முறை நடந்ததைச் சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை சொல்லும்போது எனக்கே கோபம் வந்துவிட்டது. நிலார் மட்டும் மொகிங்காவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, களிம்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்றாள்.

பூக்குழி இறங்கினேன். காப்பை அவிழ்த்தேன். பாங்காக்கிலிருந்து ஒரு தகவலும் இல்லை. தெருமுனை வீட்டுப் பையனின் பெயர் படைக்கு எடுக்கும் பட்டியலில் வந்துவிட்டதாகச் சொன்னார்கள், அவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் பாங்காக் பேச்சையே நிறுத்திவிட்டிருந்த ஒரு மத்தியானத்தில் கடிதம் வந்தது. அதில் பாராட்டு எதுவும் இல்லை. வேலை, சம்பளம், சேர வேண்டிய மாதம், அவ்வளவுதான்.

6

விமான நிலையத்துக்குள் எங்களை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றோம். அன்றைக்கு முந்தின நாள் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று வாடகைக் கார்க்காரர் வேறு சொல்லியிருந்தார். நிலார் முகப்பில் காகிதத்தை நீட்டுவது தெரிந்தது. அதிகாரி படித்தார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் படித்தார். செல்வி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பிறகு நிலார் ஒரு மூலை திரும்பிப் பார்வையிலிருந்து மறைந்தாள். விட்டார்களா, விசாரிக்கக் கூட்டிப்போனார்களா என்று தெரியவில்லை. செல்பேசியில் "யாபாதே" என்று ஒரு சொல் வந்தபோதுதான் மூச்சு வந்தது. ஒன்றும் பிரச்சினை இல்லை என்று இங்கே சொல்வார்கள். கால் மிதிபட்டாலும் யாபாதே, வீடு ஒழுகினாலும் யாபாதே. அந்தச் சொல்லைக் கேட்டு அழுதவர்கள் நாங்கள் இருவர் மட்டுமாகத்தான் இருப்போம்.

இப்போது வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். எனக்கு ஓர் ஆச்சரியம். பதினைந்து வருடமாக நான் தலைகீழாக நின்றும் நடக்காதது அங்கே நடந்திருக்கிறது. தமிழில் பேசுகிறாள். காரணம் கேட்டால், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவரிலிருந்து பரிமாறுகிறவர்வரை பாதிப் பேர் யாங்கோன் பக்கத்துப் பிள்ளைகள் என்றாள்.

"சுத்தி எல்லாருக்கும் பர்மா பாச தெரியும், ஊலே. வீட்டு விசயம் எப்டி பேசறது? தமிழ்லயே பேசுங்க."

போன வாரம் பேசும்போது, அம்மையார் தன் மேசையில் ஒரு பெர்ரியேர் திறக்கச் சொன்னாராம். அது நன்றாக, முழு உயிரோடு இருந்ததாம். என்ன வாசனை என்று கேட்டேன். அம்மா தனக்கா அரைக்கிற கல்லு என்றாள். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அந்தக் கல் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. செல்வி இப்போதெல்லாம் தினமும் அரைப்பதில்லை.

7

மேலே இருப்பது நேற்று எழுதியது. இன்று காலை பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போனோம். கூட்டம் போன வருடத்தை விடக் கூடுதல். எல்லா வீட்டிலிருந்தும் ஏதோ ஒரு பிள்ளைக்காக யாரோ ஒருவர் வந்து நின்றார்கள். பாதிப் பேர் பர்மியர்கள், அவர்களும் கையை நீட்டிக் கயிறு கட்டிக்கொண்டார்கள்.

எங்கள் முறை வந்தது. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி நான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். ஐயர் பெயர் கேட்டார். நிலார் என்றேன். நட்சத்திரம் கேட்கவில்லை, அவருக்கே நினைவிருந்தது, சனிக்கிழமை என்று அவரே சொல்லிக்கொண்டார். வேண்டுதல் என்ன என்றார்.

நான் வாய் திறக்குமுன் செல்வி சொல்லிவிட்டாள். "புள்ள திரும்பி வரணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தால் மறுபடி போக விடுவார்களா? அம்மன் உடனே கேட்டுக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? "இப்ப வேணாம் சாமி" என்று குறுக்கே விழுந்தேன். "இப்ப வர வேணாம்."

ஐயர் கயிற்றை என் மணிக்கட்டில் சுற்றியபடியே நிறுத்தினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. வரணுமா வேண்டாமா, எதைச் சொல்லட்டும் என்று கேட்டார்.

செல்வி என் கையை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தாள்.

"ரெண்டையும் சொல்லுங்க" என்றாள்.